சேர வேண்டிய முகவரி

எங்கள் அலுவலகத்தில் அவருக்குத் தீர்க்கதரிசி என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். தெரிந்து, அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். கேலி என்று ஒன்று உலகத்தில் இருப்பதும், அது தன்மேலும் விழக்கூடும் என்பதும் அவர் புத்திக்குக் கடைசிவரை எட்டவில்லை.

நான் 'அவர்' என்று எழுதுவது மரியாதையால் அல்ல. வருஷக்கணக்கில் எதிர் மேசையில் உட்கார்ந்து 'சார்' போட்ட வாய். திடீரென்று மாற்றச் சொன்னால் வராது.

அவர் ஜாவாவில் நிரல் எழுதுகிறவர். நான் அதைச் சோதிக்கிறவள். இணையத்தில் அவர் பெட்டி பெட்டியாகப் படிவம் கட்டிவைப்பார். நான் அதில் வேண்டுமென்றே ஏடாகூடமாகத் தட்டிப் பார்ப்பேன். தொலைபேசி எண் கேட்கிற இடத்தில் பெயரைப் போடுவேன், பெயர் கேட்கிற இடத்தில் வெறும் புள்ளியைப் போடுவேன், கட்டாயம் நிரப்ப வேண்டியதை நிரப்பாமல் அனுப்புவேன். படிவம் தடுமாறினால் குறை எழுதி அவருக்கு அனுப்புவேன். உலகத்தில் எல்லாரும் என்னைப் போலத்தான் அவசரத்திலும் அரைத்தூக்கத்திலும் தட்டுவார்கள் என்பது என் கட்சி. உலகத்தில் எல்லாரும் தன்னைப் போல இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

கம்பெனி ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டே அறையில் இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அப்போது உள்நுழையும் பக்கத்தை, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிற அந்த ஒரே ஒரு பக்கத்தை, அவர்தான் எழுதினார். அதற்குப் பிறகு அதை வைத்தே காலம் தள்ளினார். புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாளே பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "லாகின் பேஜ் எழுதினதே நான்தான், தெரியுமில்ல" என்பார். ஏதோ கடலுக்குக் கரை கட்டியவர் மாதிரி. நாற்காலியை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தி வைத்திருப்பார். அப்போதுதான் தடுப்புக்கு மேலே தலை நீட்டி எங்கள் எல்லாருடைய திரையையும் பார்க்க முடியும். கால் தரையில் படாது. தொங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்தவர் பேச்சை முடித்துவைப்பது அவருக்கு வியாதி. அதிலும் தப்பாக முடித்துவைப்பார். ஒருமுறை நான், "சார், அந்த முகவரிப் பெட்டியில..." என்று ஆரம்பித்தேன்.

"நீளம் பத்தலை. அதானே?"

"நீளம் இல்ல சார், அதுல வந்து..."

"கூட்டியாச்சு. போய்ப் பாரு."

உண்மையிலேயே கூட்டியிருந்தார். ஒரு வாழ்க்கைக் கதையையே அந்தப் பெட்டியில் எழுதலாம் போல இருந்தது. நான் சொல்ல வந்த குறை அப்படியே கிடந்தது. அது என்ன என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை. பதில் கையில் இருக்கும்போது கேள்வி எதற்கு?

எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் கிடைத்தார். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குகிற நிறுவனம். நாலைந்து லாரி, ஊர் எல்லையில் ஒரு பெரிய கிடங்கு. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவர்கள், புது வீடு முடியக் காத்திருக்கிறவர்கள், சாமான்களைக் கொஞ்ச நாள் அந்தக் கிடங்கில் போட்டுவைத்துப் பிறகு எடுத்துக்கொள்வார்கள். வண்டிக்கு இணையத்திலேயே சொல்லிவைக்க ஒரு படிவம் வேண்டும் என்றார்கள். சாமானை எங்கே எடுக்க வேண்டும், சேர வேண்டிய முகவரி எது, எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, என்றைக்கு வர வேண்டும், இவ்வளவுதான். கிடங்கைப் பார்த்துக்கொள்கிற மேற்பார்வையாளர் ஒருநாள் வந்து ஒரே ஒரு விஷயம் கேட்டார்.

"பழைய கஸ்டமருங்க போன் நம்பரைப் போட்டாலே அவங்க விவரம் வந்து உக்காந்துடணும். திரும்பத் திரும்ப எழுத வைக்காதீங்க. பாவம், வீடு மாத்தறவங்க ஏற்கெனவே நொந்து போயிருப்பாங்க."

நியாயமான கோரிக்கை. இதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆள் படிவத்தை முதல்முறை திறக்கும்போது, சர்வரில் அதைக் கவனிக்கிற சர்வ்லெட் என்கிற நிரல் பழைய விவரத்தைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துப் பெட்டிகளில் வைத்துக் கொடுக்க வேண்டும். அதோடு அதன் வேலை முடிந்தது. பிறகு ஆள் எதையாவது விட்டுவிட்டு அனுப்பி, படிவம் பிழையோடு திரும்பி வந்தால், அப்போது பெட்டிகளில் இருக்க வேண்டியது அந்த ஆள் தட்டியது. நமக்குத் தெரிந்தது அல்ல.

தீர்க்கதரிசிக்கு இது பிடிக்கவில்லை. நிரப்புகிற வேலையைப் பக்கத்துக்குள்ளேயே, அதை வரைகிற ஜேஎஸ்பி கோப்பின் உச்சியிலேயே, வைத்துவிட்டார். அதாவது, பக்கம் திரையில் வரையப்படும் ஒவ்வொரு தடவையும் அது தரவுத்தளத்துக்கு ஓடிப்போய்ப் பழைய விவரத்தைக் கொண்டுவந்து பெட்டிகளில் கொட்டும். முதல்முறையா, திரும்பி வந்ததா என்று பார்க்காது. கூட்டத்தில் இன்னொரு நிரலாளர் இதைச் சொல்லிப் பார்த்தார். "பக்கம் எப்ப வந்தாலும் ரெடியா வரணும். சர்வ்லெட்ல போட்டா நாளைக்கு ஒருத்தன் மறந்துடுவான். பக்கத்துலயே இருந்தா யாரும் மறக்க முடியாது" என்றார் தீர்க்கதரிசி. அந்த நிரலாளர் மறுபடி வாய் திறப்பதற்குள், "நீ என்ன சொல்லப் போறேன்னு தெரியும். பெர்ஃபார்மன்ஸ், பக்கம் ஸ்லோவாகும்னு. அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று அதற்கும் பதில் சொல்லிவிட்டார். அவர் சொல்ல வந்தது அது இல்லை. ஆனால் அதற்குள் மேலாளர் மடிக்கணினியை மூடிவிட்டார். எங்கள் மேலாளருக்கு எப்போதும் இரண்டே கவலை. கூட்டம் முடிய வேண்டும், முடிந்தது தன்னால்தான் என்று இருக்க வேண்டும்.

அதோடு விட்டாரா? சேர வேண்டிய முகவரியையும் நிரப்பினார். கிடங்கில் சாமான் போட்டவர்கள் முக்கால்வாசிப் பேர் தங்கள் வீட்டுக்குத்தானே திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் வீட்டு முகவரியையே அதில் போட்டுவிடலாம் என்று முடிவு கட்டினார். மீதிக் கால்வாசியைப் பற்றிக் கேட்டேன்.

"மாத்திக்கட்டும். யார் வேண்டாங்கறா? காலியா ஒரு பெட்டியைக் காட்டறது கஸ்டமரை அவமானப்படுத்தற மாதிரி."

நான் சோதித்தேன். புது முகவரியைத் தட்டினேன், மாடியைப் போடாமல் விட்டேன், அனுப்பினேன். 'மாடியைக் குறிப்பிடவும்' என்று சிவப்பு எழுத்தோடு படிவம் திரும்பி வந்தது. மாடியைப் போட்டு மறுபடி அனுப்பினேன். வண்டி பழைய முகவரிக்குப் பதிவாகிவிட்டது. குறை எழுதினேன். 'பயனாளர் கவனமாக இருக்க வேண்டும்' என்று எழுதி மூடினார். திறந்தேன். மூடினார். எழுந்து அவர் மேசைக்குப் போனேன்.

"சார், நான் புது முகவரி போட்டேன். மாடி போட மறந்துட்டேன். மாடியைக் கேட்டுச்சு, போட்டேன். அதுக்குள்ள முகவரி பழசாயிடுச்சு."

"மாடியை ஏன் மறந்தே?"

"மறக்கறதுக்குத்தான் சார் என்னை வேலைக்கு வெச்சிருக்காங்க."

"மறக்காதவங்களுக்கு ஒழுங்கா வேலை செய்யுதில்ல?"

"செய்யுது."

"அப்புறம் என்ன? நம்ம சைட்டு மறக்காதவங்களுக்கு" என்று சொல்லிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். கால் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் மனைவியை எனக்குத் தெரியும். திரைச்சீலை தைக்கிறவர். எங்கள் புது அலுவலகத்துக்கு ஜன்னல் அளவெடுக்க வந்தபோது பழக்கமானார். அளவு நாடாவின் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன், அதிலிருந்து அக்கா ஆகிவிட்டார். எப்போதாவது பேருந்து நிறுத்தத்தில் பார்ப்போம். வாங்குகிறவர்களிடம் அவர் கேள்வி கேட்கிற விதமே தனி. வெயில் எந்தப் பக்கம், காலையில் எப்போது எழுந்திருப்பீர்கள், எதிர் வீட்டில் யார், ஜன்னலுக்குக் கீழே கட்டில் உண்டா என்று எல்லாம் கேட்டு, கேட்டதை எழுதிக்கொண்டு, பிறகுதான் துணியைப் பற்றிப் பேசுவார். இப்படிப்பட்ட ஒருத்தர் அப்படிப்பட்ட ஒருத்தரோடு எப்படிக் குடும்பம் நடத்தினார் என்பது எனக்குப் புரிந்ததில்லை.

ஒருமுறை மணிக்கட்டில் வலி என்று அக்கா டாக்டரிடம் போயிருக்கிறார். தீர்க்கதரிசியும் கூடப் போயிருக்கிறார். போகாமல் இருப்பாரா?

"எங்கம்மா வலி?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார்.

"தோள்பட்டை டாக்டர்" என்று இவர் சொல்லியிருக்கிறார். "நாள் பூரா மெஷின்ல குனிஞ்சே உக்காந்திருக்கா."

"மணிக்கட்டு டாக்டர்" என்று அக்கா சொல்ல, டாக்டர் எழுதப்போன கையை நிறுத்தியிருக்கிறார்.

"அது தோள்ல இருந்து இறங்கற வலி. அவளுக்குச் சொல்லத் தெரியாது. நீங்க தோளுக்கே எழுதுங்க."

டாக்டருக்கு வெளியே கூட்டம் காத்திருந்தது. தோளுக்கே எழுதினார். அக்கா அந்தத் தைலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மணிக்கட்டில் தடவிக்கொண்டார். கேட்டதா என்று விசாரித்தேன்.

"கேட்டுச்சு. மணிக்கட்டுக்கு எழுதப் படிக்கவா தெரியும், அது எந்த மருந்துன்னு பாக்க" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த மாதிரிச் சிரிப்பு ஒரு வீட்டில் எத்தனை வருஷம் தாங்கும்?

அக்கா பிரிந்து போனதை ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. நேருக்கு நேர் சொல்லியிருக்கிறார். "நான் தனியாப் போறேன்." இவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "போக மாட்டே. கோவத்துல சொல்றே" என்றிருக்கிறார். கோபமெல்லாம் இல்லை, யோசித்துத்தான் சொல்கிறேன் என்றதற்கு, "கோவத்துல இருக்கறவங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்று பதில். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? ஒருநாள் இவர் அலுவலகம் வந்த பிறகு, அக்கா அதே நிறுவனத்தின் வண்டியைத் தொலைபேசியில் வரவழைத்து, தையல் மெஷின், துணி வெட்டுகிற மேசை, ஒரு மர அலமாரி, ஆளுயரக் கண்ணாடி, துணிகள் அடுக்கிய டிரங்குப் பெட்டிகள் எல்லாவற்றையும் ஏற்றிக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு, தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். தனக்கென்று ஓர் இடம் கிடைக்கிறவரை அங்கே.

தீர்க்கதரிசி அலுவலகத்தில் எங்களிடம், "வீட்டுல தங்கச்சிகூடக் கொஞ்ச நாள் இருக்கப் போயிருக்கா. வந்துடுவா" என்றார். யாரும் கேட்கவில்லை, அவரே சொன்னார். அக்காவுக்கு ஒரு தடவைகூட இவர் போன் செய்யவில்லை என்று பிறகு தெரிந்தது. எதற்குச் செய்வார்? அந்தப் பக்கம் என்ன சொல்வார்கள் என்று இவருக்குத்தான் தெரியுமே.

அக்காவுக்கு இடம் கிடைத்தது. சைக்கிள் பழுதுபார்க்கிற கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இரண்டு அறை. லிஃப்ட் கிடையாது, சுவரில் பூச்சு உதிர்ந்திருந்தது. ஆனால் இரண்டு அறையிலும் பெரிய ஜன்னல். சாமான்களைக் கிடங்கிலிருந்து எடுக்க நிறுவனத்துக்குப் போன் போட்டால் கிடைக்கவில்லை. சரி, இணையத்தில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். எண்ணைப் போட்டதும் விவரமெல்லாம் வந்தது. சேர வேண்டிய முகவரியில் கணவர் வீட்டு முகவரி இருந்தது. அதை அழித்துவிட்டுப் புதிதைத் தட்டினார். லிஃப்ட் உண்டா இல்லையா என்கிற பெட்டியைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டார். படிவம் சிவப்பு எழுத்தோடு திரும்பி வந்தது. 'இல்லை' என்று குறித்து மறுபடி அனுப்பினார். மேலே ஏறிப்போய் எல்லாப் பெட்டியையும் மறுபடி யார் படிக்கிறார்கள்? நீங்கள் படிப்பீர்களா?

சனிக்கிழமை காலை லாரி தீர்க்கதரிசியின் வீட்டு வாசலில் நின்றது. அங்கே நடந்ததை லாரி ஓட்டுநர் பிற்பாடு என்னிடம் விவரமாகச் சொன்னார். கதவைத் திறந்தவர் ஆச்சரியப்படவே இல்லையாம். "வந்துடுச்சா" என்று மட்டும் கேட்டாராம். பிறகு ஆட்களை நிற்கவைத்து, எது எங்கே போக வேண்டும் என்று விரலால் காட்டிக்கொண்டே இருந்தாராம். மெஷின் ஜன்னலோரம், அலமாரி கதவுக்குப் பின்னால், கண்ணாடி நடைவழியில். தரையில் சாமான்களின் பழைய கால் தடங்கள் இருந்த இடத்திலேயே ஒவ்வொன்றும் உட்கார வேண்டும். அலமாரி கொஞ்சம் தள்ளி நின்றதற்காக மறுபடி தூக்க வைத்தாராம். எல்லாம் முடிந்ததும் ரசீதில் கையெழுத்துப் போட்டு, ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, "எனக்குத் தெரியும், வருவான்னு" என்றாராம். ஓட்டுநருக்கு யார், எங்கே, என்ன என்று ஒன்றும் விளங்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

அந்த நாள் முழுக்க அவர் வீட்டைப் பெருக்கித் துடைத்துக்கொண்டு, மனைவி பின்னாலேயே வருவார் என்று காத்திருந்தார். அப்போதும் போன் செய்யவில்லை. இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம் வர வேண்டும். முயற்சி செய்து பார்த்தேன். வரவில்லை.

அக்கா புது வீட்டின் வெறுந்தரையில் உட்கார்ந்து வண்டிக்காகக் காத்திருந்தார். பொழுது சாய்ந்த பிறகு நிறுவனத்தைப் பிடித்துக் கேட்டால், சாமான் போய்ச் சேர்ந்துவிட்டது, கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது என்கிறார்கள். யார் கையெழுத்து என்று கேட்டுவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"அந்த சைட்டை டெஸ்ட் பண்றவ நீதானே?"

"ஆமாக்கா."

"நான் என் புது அட்ரஸைத்தான் போட்டேன். கண்ணால பாத்துத்தான் போட்டேன். எனக்குப் புத்தி பிசகிடுச்சா?"

"இல்லக்கா. நடுவுல ஏதாவது ஒண்ணு விட்டுப்போயி, சிவப்புல வந்துச்சா?"

"லிஃப்ட்டு."

"அதான். நீங்க சரியாத்தான் போட்டீங்க. அது மாத்திடுச்சு."

அக்கா, "இதை எழுதினது அவருதானே?" என்றார். நான் ஆமாம் என்றேன். அக்கா போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை தீர்க்கதரிசி பெரிய கேக் ஒன்றை வாங்கி வந்து நடு மேசையில் வைத்தார். "வீட்டுல வந்துட்டா" என்றார்.

"அக்கா வந்துட்டாங்களா சார்?" என்று நான் கேட்டேன். எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

"சாமானெல்லாம் வந்துடுச்சு. ஆள் பின்னாடியே வருவா."

கேக் நன்றாக இருந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

மதியம் கிடங்கின் மேற்பார்வையாளர் வந்தார். வெயிலில் லாரியிலேயே வந்திருந்தார், கோபமாக இருந்தார். மேலாளர், தீர்க்கதரிசி, நான் மூவரும் கூட்ட அறையில் உட்கார்ந்தோம். சாமான்கள் தப்பான வீட்டுக்குப் போகின்றன என்று அடுக்க ஆரம்பித்தார். ஒருவருடைய குளிர்சாதனப் பெட்டி அவர் எப்போதோ காலி செய்த வீட்டுக்குப் போய், அங்கே இப்போது குடியிருக்கிறவர் பரிசு ஏதோ விழுந்திருக்கிறது என்று நினைத்து வாங்கி வைத்துக்கொண்டாராம். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன பெண்ணின் கட்டில் மாமனார் வீட்டுக்கே திரும்பிப் போய், அங்கே பெரிய ரகளையாம்.

"யூசர் மிஸ்டேக்" என்றார் தீர்க்கதரிசி.

நான் எழுந்து சுவர்த் திரையில் செய்து காட்டினேன். முகவரியை மாற்றினேன், மாடியை விட்டேன், அனுப்பினேன், திரும்பி வந்தது. பழைய முகவரி பெட்டியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. மேற்பார்வையாளர் அதை வாய் பிளந்து பார்த்தார். மேலாளர் இப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல் நடித்தார். நான் எழுதிய குறை அவருக்கும் போய்க்கொண்டுதான் இருந்தது.

"மறுபடி படிச்சுப் பாத்து அனுப்பறது அவங்க பொறுப்பு" என்றார் தீர்க்கதரிசி.

"இருங்க சார்" என்று மேற்பார்வையாளர் கைப்பேசியை எடுத்தார். "சனிக்கிழமை ஒண்ணு. ஒரு பொம்பளை. தையல் மெஷின், அலமாரி, கண்ணாடி. மூணாவது மாடிக்குப் போக வேண்டியது. எங்க போயிருக்குன்னா" என்று ஒரு முகவரியை வாசித்தார். "வாங்கினவரு யாரோ, கையெழுத்துப் போட்டு டீ வேற வாங்கிக் கொடுத்திருக்காரு."

தீர்க்கதரிசி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது தப்பு இல்ல. அது சரியாத்தான் வந்திருக்கு" என்றார் தீர்க்கதரிசி.

"அந்தம்மா வேற இடம்னு சொல்றாங்களே."

"அவங்க இருக்க வேண்டிய இடம் அதுதான்."

"அதை நீங்க எப்படி சார் சொல்றது? அது யார் வீடு?"

"என் வீடு."

மேலாளர் பேனாவைத் திறந்து மூடினார். மேற்பார்வையாளர் ஊர்ப்பட்ட வீடுகள் கூடுவதையும் பிரிவதையும் லாரியிலிருந்து பார்த்தவர். அவர் சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. "அப்ப சாயங்காலம் வண்டி அனுப்பறேன். வீட்டுல இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

அக்கா என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். போனேன். வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்தோம். லாரி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது, சனிக்கிழமை வந்த அதே ஓட்டுநர். தீர்க்கதரிசி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். கையில் ஒரு காகிதம் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நீ எதுக்கு வந்தே?" என்று கேட்டுவிட்டு, "சரி, வேடிக்கை பாக்க" என்று அதற்கும் அவரே பதில் சொல்லிக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியாகச் சொன்னார்.

அந்தக் காகிதம் என்ன என்று நினைக்கிறீர்கள்? மனிதர் கூட்டம் முடிந்த கையோடு சர்வரில் போய்ப் பதிவுகளைத் தோண்டி, அக்கா கடைசியாக அனுப்பிய படிவத்தை அச்சடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"பாரு. சேர வேண்டிய முகவரி. நீ அனுப்பினது. நம்ம வீடு."

"நான் தட்டினது அது இல்ல."

"முதல்ல என்ன தட்டினேங்கறது கணக்கில்ல. கடைசியா வந்ததுதான் கணக்கு. சர்வர் பொய் சொல்லாது."

அக்கா அந்தக் காகிதத்தை வாங்கக்கூட இல்லை. "ஒரு தடவை சொன்னா உங்களுக்கு விளங்காதா?" என்றார். குரல் உயரவில்லை. அளவு சொல்வது மாதிரி இருந்தது.

அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். இறங்கி வருவது என்றால் அவர் மட்டில். "சரி, அந்தப் புது இடத்துல அப்படி என்ன இருக்கு? சொல்லு, கேக்கறேன்."

அக்கா உண்மையிலேயே சொல்லப்போனார். "அங்க ரெண்டு ரூம்லயும்..."

"காத்து வராது. மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, உனக்கு வேற தோள்வலி. நாலே நாள்ல..."

அக்கா அவரைத் தாண்டிப் பின்னால் நின்ற ஆட்களைப் பார்த்தார். "அண்ணா, மெஷினை மொதல்ல எடுங்க" என்றார்.

ஆட்கள் உள்ளே போனார்கள். தீர்க்கதரிசி வழி விட்டார். விடாமல் என்ன செய்வார்? பருமனான ஆட்கள். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. மெஷினை எப்படிப் பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கூட நடந்தார். அவர் சொன்னபடி ஒரு நொடி கேட்டதில் சக்கரம் நிலைக்காலில் இடித்துச் சிராய்த்தது. அதற்குப் பிறகு அவர்கள் அவர் பேச்சைக் காதில் வாங்கவில்லை. அலமாரி போயிற்று, மேசை போயிற்று. கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போகும்போது அதில் அவர் முழுசாகத் தெரிந்தார், காகிதத்தோடு. பார்க்கச் சகிக்கவில்லை.

எல்லாம் ஏற்றியான பிறகு ஓட்டுநர் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார். சாமானைக் கொடுக்கிறவர் என்ற இடத்தில் இவர் கையெழுத்து வேண்டும். எழுதிக்கொண்டே நிமிராமல் அவரிடம் கேட்டார்.

"எங்க சார் சேரணும்?"

பழக்கதோஷத்தில் அவர் வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. மூன்றாவது மாடி என்பதைத் தவிர அவருக்கு எதுவும் தெரியாது. எந்தத் தெரு, என்ன எண் என்று அவர் கேட்டதே இல்லையே. அக்கா நிதானமாக முகவரியைச் சொன்னார். ஓட்டுநர் எழுதிக்கொண்டு, ஒருமுறை திருப்பி வாசித்துக் காட்டி, சரிதானே என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

மறுநாள் மேலாளர் நிரலை மாற்றச் சொன்னார். மேற்பார்வையாளர் ஒப்பந்தத்தை முறித்துவிடுவதாக மிரட்டியிருந்தார், இல்லாவிட்டால் அதுவும் நடந்திருக்காது. ஜேஎஸ்பியின் உச்சியில் இருந்த வரிகளை எடுத்து, முதல்முறை பக்கம் கேட்கும்போது மட்டும் ஓடும்படி சர்வ்லெட்டில் வைக்க வேண்டும், சேர வேண்டிய முகவரியைக் காலியாக விட வேண்டும். காப்பி ஆறுவதற்குள் முடிகிற வேலை. தீர்க்கதரிசியே செய்தார். மாற்றக் குறிப்பில் 'பிழை திருத்தம்' என்று எழுதவில்லை. 'மேம்பாடு' என்று எழுதினார்.

அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். சில மாதம் கழித்து நிரலாளர்கள் கூடுகிற ஒரு கருத்தரங்கில் அவர் பேசினார். தலைப்பு, படிவத்தை எங்கே நிரப்புவது. அலுவலகத்திலிருந்து எல்லாரையும் அனுப்பினார்கள், போய்த் தொலைந்தேன். மேடையில் நின்று, பக்கத்துக்குள் நிரப்புவது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று கைதட்டலுக்கு நடுவே விளக்கினார். பயனாளர் தட்டியதை மதிக்க வேண்டும் என்றார். உதாரணத்துக்கு ஒரு பெண் வாடிக்கையாளரைச் சொன்னார். பாவம், புது வீட்டில் காலித் தரையில் உட்கார்ந்து வண்டிக்காகக் காத்திருந்தாராம், சாமானெல்லாம் வேறு யாரோ வீட்டுக்குப் போய்விட்டதாம், எவனோ ஒரு அரைவேக்காடு எழுதிய நிரலால். அந்த இடத்தில் குரல் லேசாகத் தழுதழுத்தது. அவர் நடிக்கவில்லை என்பதுதான் கொடுமை. அந்த அரைவேக்காடு யார் என்பது அவருக்கு நிஜமாகவே மறந்துபோயிருந்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா நன்றாக இருக்கிறார். என் வீட்டுக்கும் அவர்தான் திரைச்சீலை தைத்துக் கொடுத்தார். சாம்பல் நிறம்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. சாம்பல் நிறமே தைத்தார்.

அந்தப் பேச்சைக் கேட்ட ஒரு பெரிய கம்பெனி தீர்க்கதரிசியைத் தலைமைப் பதவிக்குக் கூப்பிட்டது. சேர்த்துக்கொள்வதற்கு முன்னால் கூட வேலை பார்த்தவர்களிடம் விசாரிப்பார்களாமே, அப்படி எனக்கும் ஒரு போன் வந்தது. மறுமுனையில் ரொம்ப மரியாதையான ஒரு பெண்குரல். அவர் எப்படிப்பட்டவர், கூட இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்வாரா, அவரிடம் என்ன நல்ல விஷயம் கண்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது.

கொஞ்சம் யோசித்தேன். "நேரத்துக்கு வந்துடுவாருங்க" என்றேன்.

அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டு, வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அடுத்த வாரமே அவரை எடுத்துக்கொண்டார்கள்.